ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம்: பொருத்துவது, பறக்கவிடுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி விமானம் கீழே விழுந்ததும் பலரும் சொல்லும் முதல் வார்த்தை "சிக்னல் போய்விட்டது" என்பதுதான். நொறுங்கியதைப் பொறுக்கியெடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு காரணம் கிடைக்கும். பேட்டரி பின்னால் நழுவியிருக்கும், எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) தலைகீழாக வேலை செய்திருக்கும், அல்லது திரும்பும்போது வேகம் போதாமல் இறக்கை கைவிட்டிருக்கும். முதல் இரண்டையும் தரையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். அதனால்தான் கீழே உள்ள பதில்களில் பறக்கும் நேரத்தைவிட அதற்கு முந்தைய நேரத்துக்கு அதிக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எல்லாமே மின்மோட்டாரில் ஓடும், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பயிற்சி விமானத்தை மனத்தில் வைத்து எழுதியவை.

முதல் விமானமாக ஒரு போர் விமான மாதிரியை வாங்கலாமா? பார்க்க அழகாக இருக்கிறதே!

அழகாகத்தான் இருக்கும், முதல் அரை நிமிடத்துக்கு. போர் விமான வடிவங்களில் இறக்கை சிறியது, எடை அதிகம், வேகமாகப் போனால்தான் காற்றில் நிற்கும். கற்றுக்கொள்பவருக்கு வேண்டியது யோசிக்க நேரம் தரும் விமானம்.

இறக்கை உடலின் மேல்பக்கத்தில் அமைந்ததாகவும், முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு முனைகளும் சற்று மேல்நோக்கி உயர்ந்ததாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால், டிரான்ஸ்மிட்டரின் (கையில் பிடித்து இயக்கும் ரேடியோ) ஸ்டிக்கை விட்டுவிட்டாலே மெல்ல நிமிர்ந்துகொள்ளும். இறக்கையின் நீளம் முனைக்கு முனை 1 முதல் 1.4 மீட்டர் வரை இருந்தால் தூரத்திலும் நன்றாகத் தெரியும்.

வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இறக்கையின் நீளத்தையும் குறுக்கு அகலத்தையும் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) டெசிமீட்டரில் பெருக்கி, வரும் பரப்பால் மொத்த எடையை வகுக்க வேண்டும். 12 டெசிமீட்டர் நீளமும் 2.2 டெசிமீட்டர் அகலமும் உள்ள இறக்கைக்குப் பரப்பு 26.4. எடை 900 கிராம் என்றால், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 34 கிராம் வருகிறது. இந்த அளவில் 30-லிருந்து 40 வரை இருந்தால் சாதுவான விமானம். 60-ஐத் தாண்டினால் அதை இரண்டாவது அல்லது மூன்றாவது விமானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சேனலா, நான்கு சேனலா?

சேனல் என்பது தனியாக இயக்கக்கூடிய ஒரு கட்டுப்பாடு. மூன்று சேனலில் த்ராட்டில் (மோட்டார் வேகம்), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் மடல்) மட்டும் இருக்கும். நான்காவதாக எய்லரான் சேர்கிறது. மூன்றில் தொடங்குவது எளிது, ஆனால் சீக்கிரமே போதாமல் போகும். பக்கத்தில் சொல்லித்தர ஒருவர் இருந்தால் நேராக நான்குக்கே போய்விடலாம்.

டிரான்ஸ்மிட்டரில் "மோட் 1", "மோட் 2" என்கிறார்களே, எது நல்லது?

இரண்டும் ஒன்றுதான், விரல்கள் பழகுவதுதான் வேறு. மோட் 2-இல் இடது ஸ்டிக் த்ராட்டிலையும் ரடரையும், வலது ஸ்டிக் எலிவேட்டரையும் எய்லரானையும் இயக்கும். மோட் 1-இல் த்ராட்டிலும் எலிவேட்டரும் கை மாறியிருக்கும். உங்களுக்குக் கற்றுத்தருபவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே வாங்குங்கள். ஆபத்து வந்தால் அவர் உங்கள் கையிலிருந்து வாங்கிக் காப்பாற்ற வேண்டுமே!

எந்தப் பசையால் ஒட்டுவது?

முதலில் விமானம் எந்த ஃபோமால் ஆனது என்று பாருங்கள். நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் வெள்ளை மணிமணியான பொருளைச் சாதாரண சூப்பர் க்ளூ கரைத்துக் குழியாக்கிவிடும். அதற்கென்றே விற்கும் ஃபோம்-சேஃப் வகை தேவை. இப்போது வரும் பயிற்சி விமானங்களில் பெரும்பாலானவை ஈ.பி.ஓ. என்னும் வகை ஃபோம், அதைச் சாதாரண சூப்பர் க்ளூ கரைக்காது. சந்தேகம் இருந்தால் வெளியே தெரியாத ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

இறக்கை இணைப்பு, மோட்டார் தாங்கும் பலகை போன்ற சுமை தாங்கும் இடங்களுக்கு எபாக்ஸியே சரி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அவசரத்துக்கு உதவும், முப்பது நிமிட வகை நேராக்க அவகாசம் தரும். வால் பகுதியில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள். அங்கே சேரும் ஒவ்வொரு கிராமுக்கும் ஈடாக மூக்கில் இரண்டு மூன்று கிராம் வைக்க வேண்டிவரும்.

ஒட்டும் முன், வாலின் கிடைச்சிறகு இறக்கைக்கு இணையாகவும் நிமிர்சிறகு அதற்குச் செங்குத்தாகவும் இருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். வால் முனையிலிருந்து இரண்டு இறக்கை முனைகளுக்கும் ஒரு நூலைப் பிடித்து அளந்தால் தூரம் சமமாக வர வேண்டும். பசை இறுகியபின் கோணல் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சர்வோக்களை (சிறகு மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்கள்) எப்படி இணைப்பது? சர்வோ கையை எந்தக் கோணத்தில் மாட்டுவது?

மின்சாரம் கொடுக்காமல் மாட்டாதீர்கள். டிரான்ஸ்மிட்டரை இயக்கி, டிரிம்கள் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் பொத்தான்கள்) எல்லாம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, அது தன் நடுநிலைக்கு வந்தபின் சர்வோ கையை, சிறகு மடலை இழுத்துத் தள்ளும் கம்பிக்குச் செங்குத்தாகப் பொருத்துங்கள். அப்புறம் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, எலிவேட்டரோ எய்லரானோ சிறகின் மேற்பரப்போடு ஒரே கோட்டில் வருமாறு செய்யுங்கள். கம்பியின் நீளத்தால் சரிசெய்ய வேண்டிய கோணலை டிரிம் பொத்தானால் மறைப்பது கெட்ட பழக்கம். பறக்கும்போது தேவைப்படும் டிரிமை மேசையிலேயே செலவழித்துவிடுவீர்கள்.

கம்பியைச் சர்வோ கையின் வெளித்துளையில் மாட்டினால் அசைவு கூடும், உள்துளையில் மாட்டினால் குறையும். சிறகின் பக்கம் உள்ள கொம்பில் இது நேர் எதிர். கையேடு எத்தனை மில்லிமீட்டர் அசைவு சொல்கிறதோ அதை அளவுகோல் வைத்துப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரில் இரட்டை அளவு வசதி இருந்தால் ஒரு சுவிட்சில் முழு அசைவையும் இன்னொரு நிலையில் அதன் 60 அல்லது 70 சதவீதத்தையும் வைத்து, குறைந்த அளவில் கற்றுக்கொள்ளுங்கள். கடைசியாக, சர்வோ கையின் நடுவில் இருக்கும் குட்டித் திருகை முடுக்க மறக்காதீர்கள். அது இல்லாமலும் எல்லாம் சரியாக அசையும், மேசைமேல் இருக்கும்வரை.

மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. பழுதா?

இல்லை. பிரஷ் இல்லாத மோட்டாருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே மூன்று கம்பிகள் போகின்றன. அவற்றில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போட்டால் திசை மாறிவிடும். பேட்டரிக்குப் போகும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அங்கே மாற்றினால் கருவி அந்த நொடியே புகைந்துவிடும்.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் ரத்தம் வரும் காயங்கள் வானத்திலிருந்து வருவதில்லை, மேசைமேல் திடீரென்று உயிர்பெறும் மோட்டாரிலிருந்துதான் வருகின்றன.

புரொப்பல்லரில் 10×5 என்று எழுதியிருக்கிறது. 11 அங்குலம் போட்டால் வேகமாகப் பறக்குமா?

முதல் எண் விட்டம். இரண்டாவது, ஒரு முழுச் சுற்றில் கோட்பாட்டளவில் எவ்வளவு முன்னேறும் என்பது. இரண்டும் அங்குலத்தில். சுற்றுவேகமும் இரண்டாவது எண்ணும் மாறாதிருந்தால், மோட்டார் கொடுக்க வேண்டிய திறன் விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. 10-லிருந்து 11-க்குப் போனாலே ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் சுமை. வேகம் கூடுவதற்கு முன் மோட்டாரோ வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோ கருகிவிடலாம். கையேட்டில் சொன்ன அளவையே போடுங்கள்.

மாட்டும்போது எண்கள் பொறித்த முகம் விமானம் பறக்கும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று பின்னால்தான் போகும், ஆனால் இழுவை வெகுவாகக் குறையும். விமானம் எழும்பவே மறுப்பதற்கு இது ஒரு பழைய காரணம். ஓரம் உடைந்த புரொப்பல்லரை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். தூக்கிப் போடுங்கள்.

மோட்டார் கீழ்நோக்கியும் வலப்பக்கமாகவும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. தயாரிப்புக் கோளாறா?

வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். த்ராட்டிலைக் கூட்டும்போது மூக்கு மேலே ஏறாமலும், புரொப்பல்லரின் எதிர்முறுக்கும் சுழல்காற்றும் விமானத்தை இடப்பக்கம் இழுக்காமலும் இருக்க அந்தச் சில பாகைகள் உதவுகின்றன. நிமிர்த்த வேண்டாம்.

ஈர்ப்பு மையத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

மற்ற எல்லாப் பிழையையும் திறமையால் ஓரளவு சமாளிக்கலாம். இதைச் சமாளிக்க முடியாது.

பயிற்சி விமானத்துக்கு ஈர்ப்பு மையம் பெரும்பாலும் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து குறுக்கு அகலத்தின் 25 முதல் 33 சதவீதத்துக்குள் அமையும். அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் 5-லிருந்து 6.6 சென்டிமீட்டருக்குள். கையேடு ஒரு எண் கொடுத்திருந்தால் அதுவே முடிவானது. முதல் பறத்தலுக்கு அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் இருந்தாலும் குற்றமில்லை.

மூக்கு கனத்தால் விமானம் சோம்பலாகப் போகும், ஏற மறுக்கும், வேகமாகத் தரையிறங்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் வீட்டுக்கு முழுதாக வரும். வால் கனத்தால் நடப்பது வேறு. காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கியதும் அது தானாகத் திரும்பி வராமல் இன்னும் மேலே போகும். நீங்கள் எலிவேட்டரை அழுத்தினால் அளவுக்கு மீறிக் கீழே பாயும். ஒவ்வொரு திருத்தமும் முந்தையதைவிடப் பெரிதாகி, சில நொடிகளில் கதை முடிந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது சிக்னல் போனது போலவே தெரியும்.

சோதிப்பது எளிது. பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பறக்கும் நிலையில் பொருத்துங்கள். இறக்கையின் அடியில் இரு பக்கமும் சரியான தூரத்தில் பென்சிலால் குறியிட்டு, குறிகளில் விரல்நுனி வைத்துத் தூக்குங்கள். விமானம் கிடையாக, அல்லது மூக்கு மயிரிழை தாழ்ந்து நின்றால் சரி. இறக்கை கீழே அமைந்த விமானமானால் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள். வால் தாழ்ந்தால் முதலில் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் ஈயத்துண்டு. இடம் சரியானதும் பேட்டரி அறையில் ஒரு கோடு போட்டு வைத்து, வெல்க்ரோ பட்டை, அடியில் ஒட்டும் துண்டு என்று இரண்டு வகையிலும் பேட்டரியைக் கட்டுங்கள். கோடு போடாவிட்டால் அடுத்த பேட்டரியை மாட்டும்போது இந்த உழைப்பெல்லாம் வீண்.

பக்கவாட்டுச் சமநிலையும் உண்டு. மூக்கிலும் வாலிலும் பிடித்துத் தூக்கி, எப்போதும் ஒரே இறக்கை தாழ்ந்தால் எதிர் முனையில் சிறு எடை ஒட்டுங்கள்.

எய்லரான் சரியான திசையில் அசைகிறதா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

விமானத்தின் பின்னால், அது பார்க்கும் திசையையே நீங்களும் பார்த்து நில்லுங்கள். முன்னால் நின்று பார்த்துக் குழம்பியவர்கள் ஏராளம்.

எய்லரான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரடரை வலப்பக்கம் தள்ளினால் ரடரின் பின்விளிம்பு வலப்பக்கம். "அசைகிறது, போதும்" என்று தலையாட்டிவிட்டுப் போவதுதான் தவறு. எந்தப் பக்கம் அசைகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தானே நிமிர்த்திக்கொள்ளும் ஜைரோ பொருத்தியிருந்தால் இன்னொரு சோதனை உண்டு, அதைப் பலரும் செய்வதில்லை. ஜைரோவை இயக்கிவிட்டு, விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கை தாழுமாறு சாய்த்துப் பாருங்கள். வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும். தாழ்ந்த இறக்கையைத் தூக்க அது முயல்கிறது என்று பொருள். மூக்கைச் சட்டென்று தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஸ்டிக் சரியாக வேலை செய்து ஜைரோ மட்டும் தலைகீழாக இருக்க முடியும். அப்படி இருந்தால் விமானம் சாயும் பக்கத்துக்கே ஜைரோ இன்னும் தள்ளிவிடும். டிரான்ஸ்மிட்டரில் திசை மாற்றும் வசதி ஸ்டிக்கை மட்டுமே மாற்றும். ஜைரோவின் திசையை அதன் சொந்த அமைப்பில் மாற்ற வேண்டும்.

லித்தியம் பாலிமர் பேட்டரி உண்மையிலேயே தீப்பிடிக்குமா?

பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் சட்டென்று அடங்கும் தீயும் அல்ல. ஆனால் அது காரணமில்லாமல் பற்றிக்கொள்வதில்லை. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றுவது, சார்ஜரில் தவறான செல் (பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி மின்கலம்) எண்ணிக்கையைத் தேர்ந்தெடுப்பது, விபத்தில் நசுங்கிய பேட்டரியைத் திரும்பவும் சார்ஜ் போடுவது ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள்.

எண்களைத் தெரிந்துகொண்டால் பாதி அபாயம் போய்விடும். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மூன்று செல் பேட்டரி என்றால் 11.1, முழுச் சார்ஜில் 12.6. எந்தச் செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. அதற்காக 3 வரை ஓட்டலாம் என்று பொருளில்லை. தரையிறங்கிச் சற்று ஓய்ந்தபின் செல்லுக்கு 3.7 அளவில் மீதமிருந்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். சில நாள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8-லிருந்து 3.85 வோல்ட்டில் சேமித்து வையுங்கள். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே ஒரு நிலை இருக்கிறது. முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் பேட்டரிதான் சீக்கிரம் ஊதிப்போகிறது.

சார்ஜ் ஏற்றும் மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமாக இருக்கட்டும். 2200 மில்லிஆம்பியர் மணி என்றால் 2.2 ஆம்பியர். செல்களைச் சமன்படுத்தும் சிறிய இணைப்பானையும் எப்போதும் மாட்டுங்கள். எரியாத தரைமேல், பக்கத்தில் துணியோ தாளோ இல்லாமல், ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். இரவு போட்டுவிட்டுத் தூங்குவது வேண்டவே வேண்டாம். பறந்து வந்த சூட்டில் உடனே சார்ஜ் ஏற்றவும் கூடாது.

ஊதிப்போனது, நசுங்கியது, உறை கிழிந்தது எல்லாம் ஓய்வு பெற்றவை. வீட்டுக் குப்பையில் போடாமல் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் பறக்கலாம்?

கொள்ளளவில் 80 சதவீதத்தை மட்டுமே கணக்கில் எடுங்கள். 2200-இல் 80 சதவீதம் 1760, அதாவது 1.76 ஆம்பியர் மணி. சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் ஏறத்தாழ 8 நிமிடம் 48 நொடி. உங்கள் சராசரி என்னவென்று முதலில் தெரியாது என்பதால், டிரான்ஸ்மிட்டரில் 5 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் பறந்து, இறங்கியபின் பேட்டரியில் மீதியைப் பார்த்து நேரத்தைக் கூட்டுங்கள். தரையிறங்கும் முதல் முயற்சி தவறினால் இன்னொரு சுற்றுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பறப்பதற்கு முன் ரேடியோவைச் சோதிக்க வேண்டுமா? புதியதுதானே?

புதியதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் டிரான்ஸ்மிட்டரும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்துகொள்கின்றன. பழைய காலம்போலப் பக்கத்தில் ஒருவர் அதே அலைவரிசையை இயக்கினால் உங்கள் விமானம் விழும் என்ற பயம் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் ரிசீவரின் ஆன்டெனா கார்பன் குழாயோடு ஒட்டியிருந்தாலோ மடங்கிக் கிடந்தாலோ தூரம் குறைந்துவிடும். டிரான்ஸ்மிட்டரில் திறனைக் குறைத்துச் சோதிக்கும் நிலை இருக்கும். அதில் வைத்து, கையேடு சொல்லும் தூரம் நடந்து, எல்லாச் சிறகுகளும் தயங்காமல் அசைகின்றனவா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அமைத்தாக வேண்டும். குறைந்தபட்சம் த்ராட்டில் பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெதுவாக ஓட்டி, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்காவிட்டால் அன்று பறக்க வேண்டாம்.

மற்ற நேரங்களில் வரிசை இதுதான்: இயக்கும்போது டிரான்ஸ்மிட்டர் முதலில், விமானத்தின் பேட்டரி பிறகு. அணைக்கும்போது பேட்டரி முதலில், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். பேட்டரி இணைந்த நொடியிலிருந்து மோட்டார் எப்போது வேண்டுமானாலும் சுற்றும் என்றே நினைத்து நடங்கள். புரொப்பல்லருக்கு நேர் முன்னாலும், அது சுழலும் தளத்தின் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது.

எங்கே, எப்போது பறக்கவிடலாம்?

முதலில் உங்கள் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பல நாடுகளில் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்குப் பதிவு தேவை. உயர வரம்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் 120 மீட்டர், அமெரிக்காவில் பொதுவாக 400 அடி, இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. விமான நிலையங்களைச் சுற்றி எங்குமே கட்டுப்பாடு உண்டு. மாதிரி விமானச் சங்கம் ஏதேனும் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். இடம், அனுமதி, சொல்லித்தரும் ஆள் மூன்றும் ஒருசேரக் கிடைக்கும்.

திறந்த வெளி, கால்பந்து மைதானத்தைவிடப் பெரிதாக, மனிதர்கள், சாலை, மின்கம்பி இல்லாததாக இருக்கட்டும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் நல்லது. காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் அதிகாலையோ மாலைப்பொழுதோ தொடங்குபவருக்கு ஏற்றவை. வரிசையாக மரங்கள் இருந்தால், காற்று அவற்றைத் தாண்டி வரும் பக்கத்தில் தரையிறங்காதீர்கள். மரத்தின் மறைவில் காற்று சுழன்று கீழே அழுத்தும்.

கையால் எறிந்து கிளப்புவது எப்படி?

காற்றுக்கு எதிராக, கிடையாக, உறுதியாக. மேல்நோக்கி எறிவதுதான் எல்லோரும் செய்வது. அப்படி எறிந்தால் வேகம் பிடிக்கும் முன்பே விமானம் மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்துவிடும். த்ராட்டில் முக்கால் அளவுக்கு மேல் இருக்கட்டும். முதல் சில முறை இன்னொருவர் எறிய, உங்கள் இரண்டு கையும் டிரான்ஸ்மிட்டரில் இருக்கட்டும்.

மேலே போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வித்தை எதுவும் வேண்டாம். நேராக ஏறி 40, 50 மீட்டர் உயரம் போங்கள். த்ராட்டிலைப் பாதிக்குச் சற்று மேலே குறைத்துக்கொண்டு, ஸ்டிக்கை ஒரு நொடி விட்டுப் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் டிரிம், மூக்கு தாழ்ந்தால் மேல் டிரிம். நேராகப் போகும்வரை ஒவ்வொரு சொடுக்காகக் கொடுங்கள்.

திரும்புவதற்கு எய்லரானால் கொஞ்சம் சாய்த்து, ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, எலிவேட்டரைச் சற்று இழுங்கள். திருப்பம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் கொடுத்து நிமிர்த்துங்கள். எய்லரானைப் பிடித்துக்கொண்டே இருந்தால் விமானம் திரும்பாது, உருண்டுவிடும்.

என்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகின்றனவே?

எல்லோருக்கும் மாறும். விமானியின் இருக்கையில் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள், அது பதற்றத்தில் உதவாது. உதவுவது இது: உங்களை நோக்கி வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். கீழே விழும் இறக்கைக்கு ஸ்டிக்கால் முட்டுக்கொடுப்பது போல. நிமிர்ந்துவிடும்.

கணினி சிமுலேட்டரில் இந்த ஒன்றை மட்டும் சில மணி நேரம் பழகினாலும் போட்ட பணத்துக்கு ஈடாகிவிடும். அதில் நொறுங்கும் விமானத்தை ஒரு பொத்தானில் திரும்பப் பெறலாம். ஜைரோவை நம்பிக் கற்பது ஏமாற்று வேலை என்று சில மூத்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திசை பிடிபடும்வரை ஜைரோ இருக்கட்டும், பிறகு உயரத்தில் அணைத்துப் பழகுங்கள்.

"ஸ்டால்" என்றால் மோட்டார் நின்றுபோவதா?

இல்லை. மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் ஆகும். வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டிப் போகும் காற்று பிரிந்துவிடுகிறது, தூக்குவிசை சரிகிறது. மெதுவாகப் போகும்போது உயரத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் அந்த எல்லை வந்துவிடும்.

திருப்பத்தில் இது இன்னும் சீக்கிரம் வரும். உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடுகிறது. 60 பாகையில் 41 சதவீதம். தரையிறங்க வரும் கடைசித் திருப்பத்தில், தாழ்வாக, மெதுவாக, ஓடுபாதை தவறிவிடுமோ என்ற அவசரத்தில் கூர்மையாகத் திருப்பும்போது ஓர் இறக்கை மட்டும் சட்டென்று விழுகிறதே, அது இதுதான். மீள வழி எலிவேட்டரை விட்டுக்கொடுத்து வேகம் பிடிப்பது. அதற்கு உயரம் வேண்டும், அந்த இடத்தில் உயரம் இருக்காது. எனவே முதல் நாளிலேயே மேலே 50 மீட்டரில் த்ராட்டிலைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, உங்கள் விமானம் எப்படி ஸ்டால் ஆகிறது, எவ்வளவு உயரம் இழக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

பத்திரமாகத் தரையிறக்குவது?

காற்றுக்கு எதிராக, நீண்ட நேர்கோட்டில் வாருங்கள். இறங்கும் விகிதத்தை த்ராட்டிலாலும் வேகத்தை எலிவேட்டராலும் ஆளுங்கள். தூரம் போதவில்லை என்றால் மூக்கைத் தூக்காதீர்கள், த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டுங்கள். தரைக்கு அரை மீட்டர் இருக்கும்போது த்ராட்டிலை முழுதும் குறைத்து, எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுத்தால் தானாக அமரும். கோணம் பிடிக்காவிட்டால் தயங்காமல் த்ராட்டில் கொடுத்து மறுபடி சுற்றி வாருங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்?

2003 ஆகஸ்டில் அமெரிக்க மாதிரி விமான வடிவமைப்பாளர் மேனார்ட் ஹில் குழுவினரின் டேம்-5 என்ற, ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள மாதிரி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் புறப்பட்டு, அட்லாண்டிக் கடலைக் கடந்து, சுமார் 39 மணி நேரத்தில் அயர்லாந்தில் இறங்கியது. ஆனால் கடலுக்குமேல் அதை ஓட்டியது தானியங்கிக் கருவி. கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டுமே மனிதக் கை. உங்களுக்கு எல்லை ரேடியோ அல்ல, கண். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு நொடியில் சொல்ல முடியாத தூரம் ஏற்கெனவே அதிகம். இறக்கையின் அடிப்பக்கம் அடர்நிறப் பட்டைகள் ஒட்டினால் மேலா கீழா என்ற குழப்பம் குறையும்.

விழுந்துவிட்டது, அல்லது மரத்தில் மாட்டிக்கொண்டது. இப்போது?

விழப்போவது உறுதியானதும் த்ராட்டிலைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். சுற்ற முடியாமல் சிக்கிக்கொண்ட மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எரியும். டிரான்ஸ்மிட்டரை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தேடுங்கள். புதரில் மறைந்திருந்தால் எய்லரானை அசைத்து, சர்வோவின் ஒலியைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். கிடைத்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அடிபட்ட பேட்டரியைக் காரிலோ பையிலோ உடனே வைக்காமல், திறந்த வெளியில் அரை மணி நேரமாவது தனியே வைத்துக் கவனியுங்கள். தாமதமாகவும் பற்றிக்கொள்ளும்.

ஈ.பி.ஓ. ஃபோம் உடைந்தால் துண்டுகளைப் பொருத்தி ஒட்டிவிடலாம். மோட்டார் தாங்கும் பலகை, சர்வோ பற்கள், கம்பிகளின் வளைவு மூன்றையும் பார்த்து, ஈர்ப்பு மையத்தை மறுபடி அளக்க வேண்டும். பசையும் எடைதான்.

மரத்தில் என்றால் நீளமான கழி அல்லது எடை கட்டிய மெல்லிய கயிற்றை மேலே வீசிக் கிளையை உலுக்கிப் பாருங்கள். மின்கம்பியில் மாட்டியிருந்தால் கழி, கயிறு எதுவும் வேண்டாம், அடியிலும் நிற்க வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் எடுத்துத் தரும்வரை மற்றவர்களையும் நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.